மரத்தரையும் மர டெக்கும் போடப் போகிறீர்களா? வரிசையாக என்னென்ன செய்ய வேண்டும்

மரத்தரை போடலாம் என்று விசாரிக்கத் தொடங்கினால் எல்லோரும் நிறத்தைப் பற்றியே பேசுவார்கள். கடையில் மாதிரித் துண்டுகளை விரித்துக் காட்டுவார்கள், வீட்டில் சோபாவோடு பொருந்துமா என்று பார்ப்பார்கள். அடியில் இருக்கும் காங்கிரீட்டில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் விலை கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொன்னார்கள். ஒருவர் சேர்த்த வேலையை இன்னொருவர் சேர்க்கவில்லை, ஒருவர் அவசியம் என்றதை இன்னொருவர் வீண் செலவு என்றார். எது சரி என்று தேடித் தேடித் தெரிந்துகொள்ளப் பெரும்பாடு பட்டேன். அதைத்தான் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன், வீட்டுக்கு வெளியே மரச்சட்டத்தின்மேல் பலகை பதித்துக் கட்டும் மேடையான டெக்குக்கும் சேர்த்து.

மரத்தரை கெடுவதற்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். ஈரத்தைக் கவனிக்கிற வேலையில் முக்கால்வாசி, முதல் பலகை தரையில் விழுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அதனால் இந்தக் கட்டுரையிலும் பலகை பதிக்கிற கட்டம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

1. எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மரத்தரை என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சரக்குகள் விற்கிறார்கள்.

முழுமரப் பலகை என்பது மேலிருந்து கீழ்வரை ஒரே மரம். கனம் பொதுவாக 18 முதல் 20 மி.மீ. பக்கவாட்டில் நாக்கும் பள்ளமும் இருக்கும், ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும். நாக்குக்கு மேலே இருக்கும் மரம்தான் தேய்த்துப் புதுப்பிக்கக் கிடைப்பது, ஏறக்குறைய 6 மி.மீ. அதை வைத்துப் பல முறை தேய்க்கலாம்.

என்ஜினியர்டு பலகை என்பது மேலே அசல் மரத் தகடு, அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட். ஈரம் ஏறி இறங்கும்போது முழுமரத்தைவிடக் குறைவாக அசையும். காங்கிரீட் தரைமேல் போடுவதற்குப் பெரும்பாலான வீடுகளில் இதுவே பொருத்தம்.

லேமினேட் என்பது மரத்தின் படம் அச்சிட்ட தாளை அழுத்தப்பட்ட நார்ப்பலகையில் ஒட்டியது. மலிவு, கீறல் தாங்கும், சுலபமாகப் போடலாம். தப்பான சரக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மேலே ஒருமுறை தேய்ந்துவிட்டால் அவ்வளவுதான், உப்புத்தாள் படக்கூடாது.

என்ஜினியர்டு வாங்குகிறீர்கள் என்றால் நிறத்துக்கு முன்பு ஒரு கேள்வி கேளுங்கள்: மேல் தகடு எத்தனை மில்லிமீட்டர்? மொத்தக் கனம் 14 மி.மீ., 15 மி.மீ. என்று பெருமையாகச் சொல்வார்கள், அதில் உங்களுக்கு உதவுவது மேல் தகடு மட்டும்தான். 1 மி.மீ.க்குக் கீழே என்றால் தேய்த்துப் புதுப்பிக்கவே முடியாது. 3 மி.மீ. இருந்தால் ஒன்றிரண்டு முறை தேய்க்கலாம். 6 மி.மீ. இருந்தால் தேய்ப்பைப் பொறுத்தவரை முழுமரத்துக்குச் சமம். விலை வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

மர வகையைப் பற்றி ஒரு வார்த்தை. கடினமான மரம் என்றால் நல்ல மரம் என்று அர்த்தமில்லை. தேக்கு ஓக்கைவிடச் சற்று மென்மைதான், ஆனால் ஈரத்துக்கு மிகக் குறைவாகவே அசையும். குளியலறையில் எந்த மரத்தையும் போடாதீர்கள். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

2. விலையை வரி வரியாகப் பிரித்து வாங்குங்கள்

சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே எண்ணில் வரும் விலையை ஏற்காதீர்கள். அந்த எண்ணுக்குள் எது இருக்கிறது, எது இல்லை என்பதில்தான் பிற்பாடு சண்டை வரும். கீழே உள்ளவை ஒவ்வொன்றும் தனி வரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் "இது சேராது" என்றாவது எழுதித் தரச் சொல்லுங்கள்:

- பழைய தரையைப் பெயர்ப்பது, குப்பையை அகற்றுவது
- அடித்தளத்தை மட்டப்படுத்துவது (கலவை எத்தனை மூட்டைவரை அடக்கம் என்பதோடு)
- ஈரத்தடுப்புப் பூச்சு அல்லது பலகைக்கு அடியில் போடும் விரிப்பு
- மரத்தின் பெயர், தரம், மொத்தக் கனம், மேல் தகட்டின் கனம்
- பசையா, ஆணியா, மிதக்கும் முறையா (தளத்தோடு ஒட்டாமல், ஆணி அடிக்காமல், பலகைகளை ஒன்றோடொன்று மட்டும் கோத்துப் போடுவது)
- ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஓடும் பட்டை) கழற்றி மறுபடி அடிப்பது
- கதவுகளின் அடியை அறுப்பது
- வேறு தரையோடு சேரும் இடத்தில் வரும் இணைப்புப் பட்டைகள்
- தேய்ப்பு, பூச்சு, எத்தனை கை

கதவை எல்லோரும் மறந்துவிடுவார்கள். விரிப்பும் பலகையும் சேர்ந்து தரையை 15 முதல் 20 மி.மீ. வரை உயர்த்தும். கதவு திறக்காது. தரை போட வந்தவர் "அது தச்சர் வேலை" என்பார், தச்சர் தனியாகக் கூலி கேட்பார். பூட்டிய அலமாரிக் கதவு, சமையலறையில் பாத்திரம் கழுவும் இயந்திரம் நுழையும் உயரம், படிக்கட்டின் முதல் படி ஆகியவற்றையும் இப்போதே அளந்துவிடுங்கள்.

அறையின் பரப்பளவுக்குச் சரியாகப் பலகை வாங்கினால் பற்றாது. நேராகப் போட 5 முதல் 10 சதவீதம் கூடுதல் வேண்டும். மூலைவாட்டில் போட்டால் 10 முதல் 15. மீன்முள் வடிவம் என்றால் 15க்கும் மேலே போகலாம். மொத்தத்தையும் ஒரே தடவையில், ஒரே தொகுப்பு எண்ணில் வாங்குங்கள். பிறகு வாங்கும் பெட்டி அதே பெயரில் வந்தாலும் நிறம் ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். சரக்கு வந்ததும் ஒரு பகுதி, பதித்து முடிந்ததும் ஒரு பகுதி. பத்தில் ஒரு பங்கையாவது கடைசிவரை கையில் வைத்திருங்கள், சில வாரம் நடந்து பார்த்தபின் கொடுப்பதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வேலை தெரிந்தவர்கள் இதற்குக் கோபிப்பதில்லை என்பதுதான் நான் பார்த்தது.

3. காகிதங்கள்

உள்ளே போடும் தரைக்கு அனுமதி பெரும்பாலும் தேவைப்படாது. அடுக்குமாடி என்றால் சங்கத்தின் விதிகளைப் பாருங்கள். கீழ்வீட்டுக்கு ஓசை போகக்கூடாது என்பதற்காக இன்ன வகை விரிப்புதான் போட வேண்டும் என்று விதி இருக்கலாம். அப்படியென்றால் விரிப்பின் ஓசைத் தடுப்புச் சான்றிதழைக் கடையில் கேட்டு வாங்கி, சங்கத்திடம் எழுத்தில் ஒப்புதல் பெற்ற பிறகு சரக்குக்குச் சொல்லுங்கள்.

வெளியே கட்டும் டெக் வேறு கதை. தரையிலிருந்து எவ்வளவு உயரம், வீட்டுச் சுவரோடு இணைகிறதா, பக்கத்து எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் ஆகியவற்றைப் பொறுத்துக் கட்டட அனுமதி தேவைப்படும். கைப்பிடி எந்த உயரத்துக்கு மேல் கட்டாயம் என்பது நாட்டுக்கு நாடு மாறும்: இங்கிலாந்தில் 600 மி.மீ., அமெரிக்காவில் பெரும்பாலும் 760 மி.மீ., ஆஸ்திரேலியாவில் 1 மீட்டர். உங்கள் ஊர் அலுவலகத்தில் கேட்காமல் வரைபடம் போடாதீர்கள். அனுமதி வரும்வரை மரத்துக்கு முன்பணமும் கொடுக்காதீர்கள்.

உத்தரவாத அட்டையை வாங்குவதற்கு முன்பே படியுங்கள். பெரும்பாலான உத்தரவாதங்களில் ஒரு நிபந்தனை இருக்கும்: பதிக்கும் நாளில் அடித்தளத்தின் ஈர அளவும் பலகையின் ஈர அளவும் அளந்து எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தக் காகிதம் இல்லையென்றால் நீங்கள் நிரூபிக்க ஒன்றுமில்லை. ஈரம் அளக்கும் மீட்டரில் தெரியும் எண்ணோடு ஒரு படம் எடுத்து, தேதி போட்டு, பில்லோடு வைத்துவிடுங்கள். இன்னொரு நிபந்தனை, குறையுள்ள பலகையைப் பதித்துவிட்டால் அதை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். ஆகவே பெட்டியைப் பிரிக்கும்போதே குறையுள்ளதை ஒதுக்குங்கள்.

4. அடித்தளம்: ஈரமும் மட்டமும்

பணத்தை எங்காவது மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் மரத்தின் தரத்தில் பிடியுங்கள், இங்கே வேண்டாம்.

புதிதாகப் போட்ட காங்கிரீட் 28 நாளில் வலுவாகிவிடும், ஆனால் காய்ந்திருக்காது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "மாதம் ஆகிவிட்டதே" என்று சொல்பவர்கள் நிறைய. காற்றோட்டம் இருந்தால் 25 மி.மீ. கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்பது பொதுக் கணக்கு. 100 மி.மீ. தளம் என்றால் நாலு மாதம். மழை நனைத்தால், ஜன்னல் பூட்டியே கிடந்தால், இன்னும் நீளும். மேலே தொட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஈரம் உள்ளே இருக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. அரை மீட்டர் சதுரத்தில் கனமான தெளிந்த பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் விரித்து, நான்கு ஓரத்தையும் டேப் போட்டு காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரு இரவு முழுக்க, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். பிரித்துப் பார்த்தால் தாளின் அடியில் துளித்துளியாக நீர் கோத்திருந்தாலோ, தளத்தில் அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ, வேலையை நிறுத்துங்கள். ஆனால் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக "காய்ந்துவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். ஈரம் இருந்தால் காட்டிக்கொடுக்கும், இல்லை என்று உறுதி சொல்லாது. நம்பகமான வழி, தளத்தின் கனத்தில் 40 சதவீத ஆழத்துக்குத் துளை போட்டு, உள்ளே அளவி வைத்து ஒரு நாளாவது விட்டு ஈரப்பதத்தைப் பார்ப்பது. பல உற்பத்தியாளர்கள் 75 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். உங்கள் பசைக்கும் பலகைக்கும் என்ன எல்லை என்று டப்பாவிலும் பெட்டியிலும் எழுதியிருக்கும், அதுதான் செல்லும்.

காய்வதற்குக் காத்திருக்க முடியாது என்றால் எபாக்ஸி வகை ஈரத்தடுப்புப் பூச்சு அடிக்கலாம். செலவுதான், ஆனால் பலகையை எல்லாம் பெயர்த்து மறுபடி போடுவதைவிட மலிவு.

தரைத்தளமாக இருந்து கரையான் தொல்லை உள்ள இடம் என்றால், அதற்கான மருந்தடிப்பும் இந்தக் கட்டத்திலேயே முடிய வேண்டும். பலகைக்கு மேலிருந்து பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது மட்டம். இங்கே ஒரு குழப்பம் வரும். தரை ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருப்பது பெரிய குறை இல்லை, மேடும் பள்ளமுமாக இருப்பதுதான் குறை. ரசமட்டத்தைவிட இரண்டு மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியப் பட்டைதான் இங்கே உதவும். அதைத் தரையில் படுக்க வைத்து அறை முழுக்க நகர்த்துங்கள். அடியில் 3 மி.மீ.க்கு மேல் சந்து தெரிகிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். மேட்டைத் தேய்க்க வேண்டும், பள்ளத்தைத் தானே பரவும் கலவையால் நிரப்ப வேண்டும். அந்தக் கலவையிலும் தண்ணீர்தான் இருக்கிறது, அதுவும் காய வேண்டும். பள்ளத்தில் விரிப்பை இரண்டாக மடித்துப் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அந்த இடத்தில் கால் வைக்கும்போதெல்லாம் தரை அமுங்கும், நாளடைவில் நாக்கு உடையும்.

அடியில் மரத்தளமே இருந்தால், மேலே போடுவதற்கு முன் முழுக்க நடந்து பாருங்கள். கிறீச்சிடும் இடத்தை ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடுங்கள். இப்போது கேட்கும் சத்தம் பிறகு போகாது.

5. பலகையை வீட்டுக்குப் பழக விடுங்கள்

மரம் வெட்டுப்பட்ட பிறகும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், விடும். நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, அகலவாக்கில் அசையும். சாதாரணமாக அறுத்த 125 மி.மீ. அகல ஓக் பலகையின் ஈரம் 4 சதவீதப் புள்ளி ஏறினால், அதன் அகலம் 1.8 மி.மீ. அளவுக்குக் கூடும். கேட்க ஒன்றுமில்லை என்று தோன்றும். பத்துப் பலகைக்குக் கணக்குப் போட்டால் 18 மி.மீ. ஆகிவிடுகிறது. அந்த விசை சுவரில் முட்டினால் தரை நடுவில் எழும்பும், சில சமயம் ஆணியையே பிடுங்கும். ஆண்டு வளையங்கள் நேர்க்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகை இதில் பாதிகூட அசையாது. விலை அதிகம் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே பதிப்பதற்கு முன் பலகை, அறையின் காற்றோடு சமநிலைக்கு வர வேண்டும். சாந்து, பெயின்ட், டைல் என்று தண்ணீர் சம்பந்தப்பட்ட எல்லா வேலையும் முடிந்து, ஜன்னலும் கதவும் மாட்டி, நீங்கள் குடியிருக்கும்போது அறை எப்படி இருக்குமோ அந்த நிலைக்கு வந்த பிறகுதான் சரக்கை இறக்க வேண்டும். முன்கூட்டியே இறக்கி ஈரமான கட்டடத்தில் "பழக" விட்டால், பழகுவது ஈரத்துக்குத்தான்.

எத்தனை நாள் என்று எல்லோரும் கேட்பார்கள். மூன்று நாள் முதல் ஒரு வாரம் என்பது வழக்கமான பதில். நாள் கணக்கைவிட ஈர மீட்டரை நம்புங்கள். அடியில் மரத்தளம் என்றால், அதற்கும் குறுகிய பலகைக்கும் ஈர வித்தியாசம் 4 புள்ளிக்குள், 75 மி.மீ.க்கு மேல் அகலமான பலகைக்கு 2 புள்ளிக்குள் வர வேண்டும். முழுமரம் என்றால் கட்டுகளைப் பிரித்து இடையில் காற்றுப் போகும்படி அடுக்குங்கள். என்ஜினியர்டு பலகையைச் சில நிறுவனங்கள் பெட்டியைப் பிரிக்காமல் வைக்கச் சொல்லும், பெட்டிமேல் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

என் வீட்டில் சரக்கு வந்த அன்றே பதித்துவிடலாம் என்று ஆட்களோடு வந்து நின்றார்கள். ஈர மீட்டர் எங்கே என்று கேட்டேன். கொண்டுவரவில்லை. அப்படியானால் இன்றைக்கு வேலையும் இல்லை என்று திருப்பி அனுப்பினேன். நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

6. பதிக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை

நீங்களே பதிக்கப் போவதில்லை என்றாலும் இவற்றைத் தெரிந்து வைத்திருங்கள்.

முதல் வரிசை சுவரை ஒட்டித் தொடங்கக்கூடாது, சாக்பீஸ் பொடி தடவிய நூலால் அடித்த நேர்கோட்டில் தொடங்க வேண்டும். எந்தச் சுவரும் நேராக இருக்காது. தொடங்குவதற்கு முன் அறையின் அகலத்தைப் பலகை அகலத்தால் வகுத்துப் பாருங்கள். கடைசி வரிசைக்கு இரண்டு விரல் அகலத் துண்டுதான் மிஞ்சும் என்றால், முதல் வரிசையையே கொஞ்சம் அறுத்துக் குறைத்து இரு பக்கமும் சமமாக்க வேண்டும்.

சுவரோரம் சுற்றிலும் 10 முதல் 15 மி.மீ. சந்து விட வேண்டும். தூண், கதவு நிலை, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஸ்கர்ட்டிங் இதை மறைத்துவிடும். அந்தச் சந்தில் சிமென்ட், ஆணி, உடைந்த மரத்துண்டு எதுவும் கிடக்கக்கூடாது. நிலையைச் சுற்றிப் பலகையை வளைத்து வெட்டுவதைவிட, நிலையின் அடியை அறுத்துப் பலகையை உள்ளே நுழைப்பதே சுத்தமான வேலை.

பல பெட்டிகளை ஒரே நேரத்தில் பிரித்துக் கலந்து போட வேண்டும். ஒரு பெட்டி முடிந்தபின் அடுத்தது என்று போனால், அறையின் ஒரு மூலை கறுப்பாகவும் இன்னொரு மூலை வெளுப்பாகவும் தெரியும். அடுத்தடுத்த வரிசைகளில் முனைகள் குறைந்தது 15 முதல் 20 செ.மீ. தள்ளி விழட்டும்.

ஆணி அடித்தால் நாக்கின் வழியாக 45 பாகைச் சாய்வில், 15 முதல் 25 செ.மீ.க்கு ஒன்று. பசை என்றால் பல்வைத்த கரணையால் தரை முழுக்கப் பரப்ப வேண்டும், அங்கங்கே உருண்டை வைக்கக்கூடாது. பலகைமேல் பட்ட பசையை அந்த நிமிடமே துடைத்துவிட வேண்டும், காய்ந்தபின் அதோடு பூச்சும் சேர்ந்து உரியும். பூச்சு முடிந்த பலகைமேல் டேப் ஒட்டிப் பிடித்து வைப்பதையும் அனுமதிக்காதீர்கள்.

மிதக்கும் முறையில் போட்டால், சமையலறை மேடை, தரையோடு பூட்டிய அலமாரி போன்ற கனமானவற்றை அதன்மேல் வைத்து இறுக்கக்கூடாது. ஒரு பக்கம் பூட்டப்பட்ட தரை மறுபக்கம் பிதுங்கும்.

ஒரு சாதாரண அறைக்குப் பதிப்பு ஓரிரு நாள் வேலைதான். பசை உலர ஒரு நாளாவது விடுங்கள்.

7. தேய்ப்பும் பூச்சும்

தொழிற்சாலையிலேயே பூச்சு முடிந்து வந்த பலகை என்றால் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடலாம்.

வீட்டில் தேய்ப்பதென்றால் 40 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 60, 80, கடைசியில் 100 அல்லது 120. இடையில் தாவக்கூடாது. முதல் தாள் போட்ட கோட்டை அடுத்த தாள்தான் அழிக்கும். தாவினால் அந்தக் கோடு பூச்சுக்கு அடியில், மாலை வெளிச்சம் சாய்வாக விழும்போது தெளிவாகத் தெரியும். கடைசிச் சுற்று முடிந்ததும் ஒரு டார்ச்சைத் தரையோடு ஒட்டிப் படுக்க வைத்து அடித்துப் பாருங்கள். அதில் தெரியாத கோடு பிறகும் தெரியாது. மரத்தூள் நுரையீரலுக்குக் கேடு, நல்ல முகக்கவசம் அவசியம்.

பூச்சில் முக்கியமாக இரண்டு பிரிவு. பாலியூரித்தேன் மரத்தின்மேல் படலமாக உட்காரும். எண்ணெய் சார்ந்தது மஞ்சளடிக்கும், வாடை வரும், ஒவ்வொரு கைக்கும் நடுவே ஒரு நாள் வேண்டும், முழுக்க இறுக ஒரு மாதம்வரை ஆகும். தண்ணீர் சார்ந்தது சில மணி நேரத்தில் காயும், ஒன்றிரண்டு வாரத்தில் இறுகும், விலை கூடுதல். மெழுகு கலந்த எண்ணெய் மரத்துக்குள் இறங்கும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துப் பூசலாம், ஆனால் அடிக்கடி கவனிப்பு வேண்டும். குழந்தைகளும் நாயும் உள்ள வீட்டுக்கு நான் எண்ணெய்ப் பக்கம்தான். பாலியூரித்தேனில் ஒரு மூலையை மட்டும் சரிசெய்வது கண்ணுக்குத் தெரியாமல் அமைவது கடினம்.

ஓர் எச்சரிக்கை, இதை யாரும் சொல்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். துணியை வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் அமிழ்த்தி மூடுங்கள். தேய்ப்பு இயந்திரத்தின் தூள் பையையும் இரவில் வீட்டுக்குள் விடாதீர்கள்.

முழுக்க இறுகும்வரை விரிப்பு, கார்ப்பெட் போடாதீர்கள். மறுநாளே நடக்கலாம், ஆனால் நாற்காலியை இழுக்க வேண்டாம்.

8. வெளியே டெக்

டெக்கில் உங்கள் கண்ணுக்குத் தெரிவது மேல் பலகை. முதலில் இற்றுப்போவது பெரும்பாலும் அடியில் இருக்கும் சட்டம். விலை கேட்கும்போது சட்டத்துக்கு என்ன மரம் என்று கேளுங்கள்.

வைரம் பாய்ந்த கட்டைதான் வெளியில் நிலைக்கும். எவ்வளவு உயர்ந்த மரமாக இருந்தாலும் அதன் வெளிறு (வைரத்தைச் சுற்றி வெளிப்புறம் இருக்கும் வெளுத்த மரம்) நிலைக்காது. தேக்கிலும் அப்படித்தான். பலகையின் ஓரத்தில் வெளுத்த பட்டை ஓடினால் அதைத் தள்ளிவிடுங்கள். மலிவான மரத்தை அழுத்தத்தில் மருந்தேற்றி விற்பார்கள், அதுவும் நல்ல தேர்வுதான். மண்ணைத் தொடும் இடத்துக்கும் தொடாத இடத்துக்கும் மருந்தின் அளவு வேறு, பலகையில் ஒட்டியிருக்கும் சீட்டில் எழுதியிருக்கும். அறுத்த முனையில் மருந்து இருக்காது, ஒவ்வொரு வெட்டிலும் தூரிகையால் மருந்து தடவ வேண்டும். வெட்டி மிஞ்சிய துண்டுகளை அடுப்பில் எரிக்கவே கூடாது, புகை நஞ்சு.

செம்பு கலந்த மருந்து சாதாரண இரும்பைத் தின்றுவிடும். சூட்டு முறையில் துத்தநாகம் பூசிய ஸ்க்ரூ, அல்லது துருப்பிடிக்காத எஃகு வேண்டும். 304 ரகம் போதும், கடலோரம் என்றால் 316. ஸ்க்ரூவில் மிச்சம் பிடிப்பதைப் போல அறிவீனம் வேறில்லை. மரம் நன்றாக இருக்கும், தலை துருவேறி ஒவ்வொரு துளையைச் சுற்றியும் கறுப்பு வழியும்.

சட்டங்களுக்கு இடையில் மையத்துக்கு மையம் 400 மி.மீ., பலகையை மூலைவாட்டில் போட்டால் 300 மி.மீ. பலகைகளுக்கு இடையே 3 முதல் 6 மி.மீ. சந்து. மருந்தேற்றிய பலகை ஈரமாகவே வந்திருந்தால் நெருக்கிப் போடுங்கள், காய்ந்ததும் சந்து தானாக வரும். கடின மரத்தில் முன்துளை போடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் முனை பிளக்கும். ஒவ்வொரு சட்டத்திலும் பலகைக்கு இரண்டு ஸ்க்ரூ.

சட்டத்தின் மேல்முகத்தில் ஒட்டும் நீர்த்தடுப்பு டேப் கிடைக்கிறது. மொத்தச் செலவில் அது கொசுறு. பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் நிற்கும் தண்ணீர்தான் சட்டத்தை இற்றுப்போகச் செய்கிறது, ஸ்க்ரூ துளை வழியாக உள்ளே இறங்குவதும் அதுதான். கண்டிப்பாகப் போடச் சொல்லுங்கள்.

வீட்டுச் சுவரோடு இணையும் சட்டம்தான் ஆபத்தான இடம். டெக் இடிந்து விழுந்த விபத்துகளில் பெரும்பாலும் அங்கேதான் விட்டுப்போகிறது. ஆணியில் தொங்க விடாமல் போல்ட் போட்டு முடுக்க வேண்டும், மேலே தகடு வைத்துத் தண்ணீர் சுவருக்குள் போகாமல் திருப்பிவிட வேண்டும். தூணின் அடி காங்கிரீட்டில் புதையக்கூடாது. உலோகப் பாதத்தின் மேல், தளத்திலிருந்து ஒரு விரல் அகலமாவது தூக்கி நிறுத்துங்கள். கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே 100 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தையின் தலை புகும். உயரமான டெக் என்றால் ஒரு பொறியாளரிடம் காட்டாமல் வேலை தொடங்காதீர்கள்.

மொட்டைமாடியில் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. நீர்த்தடுப்புப் பூச்சைத் துளைத்து எந்தச் சட்டத்தையும் பூட்டாதீர்கள். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் பிளாஸ்டிக் பாதங்கள் இருக்கின்றன, அவற்றின்மேல் சட்டம் சும்மா உட்காரட்டும், காற்றில் தூக்காதபடி சட்டங்களை ஒன்றோடொன்று பிணைத்தால் போதுமா என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். டெக் போடுவதற்கு முன் வடிகுழாயை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிக் கீழே கசிகிறதா என்று பாருங்கள். மூடிய பிறகு கசிவு தெரிந்தால் டெக் முழுவதும் கழற்ற வேண்டியதுதான். வடிகுழாய் வாய்க்கு மேலே மட்டும் ஒரு சதுரத்தைத் தூக்கி எடுக்கும்படி செய்து வையுங்கள்.

டெக் வேலை நடக்கும்போது பக்கத்தில் இரும்பு அறுக்கும் கிரைண்டரை ஓட விடாதீர்கள். பறக்கும் இரும்புப் பொடி ஈரமான மரத்தில் விழுந்தால் மறுநாள் மிளகு தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள். ஆக்சாலிக் அமிலக் கரைசல் போட்டால் போகும், ஆனால் கையுறையும் கண்ணாடியும் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

9. அன்றாடப் பராமரிப்பு

உள்ளே: மணல்தான் எதிரி. வாசலில் மிதியடி, நாற்காலிக் காலுக்கு ஃபெல்ட் துண்டு. ஃபெல்ட்டில் மணல் ஏறினால் அதுவே உப்புத்தாள் ஆகிவிடும், அவ்வப்போது மாற்றுங்கள். துடைக்கும் துணி பிழிந்து ஏறக்குறைய காய்ந்திருக்க வேண்டும். நீராவி மாப், வினிகர், வாளித் தண்ணீர் மூன்றும் வேண்டாம். ரப்பர் அடி கொண்ட மிதியடி தரையில் கறை ஏற்றும்.

பாலியூரித்தேன் பூச்சு மங்கத் தொடங்கியதும், மரம் வெளியே தெரிவதற்கு முன்பே மேலாக உரசி ஒரு கை பூசிவிடுங்கள். முழுத் தேய்ப்பில் சிறு பங்கு செலவுதான், தூசியும் குறைவு. எண்ணெய்ப் பூச்சு என்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் சரி, சில நிமிடத்தில் உறிஞ்சினால் எண்ணெய் போடும் காலம் வந்துவிட்டது.

ஒரு பொறி இருக்கிறது. பலகைகளின் ஓரம் உயர்ந்து நடு பள்ளமாகத் தெரிந்தால், அடியிலிருந்து ஈரம் வருகிறது. உடனே ஆள் கூப்பிட்டுத் தேய்த்துவிடாதீர்கள். ஈரம் வருமிடத்தைக் கண்டுபிடித்து அடைத்து, பலகை முழுக்கக் காயும்வரை காத்திருங்கள், மாதக்கணக்கில்கூட ஆகலாம். பல தடவை தானாகவே படியும். ஈரத்தோடு தேய்த்தால் காய்ந்தபின் ஓரம் தாழ்ந்து நடு புடைத்துக்கொள்ளும், அதற்கு மறுபடியும் தேய்ப்பு.

வெளியே: மரம் சாம்பல் நிறமாவது நோயல்ல, வெயில் மேல்தோலை மட்டும் மாற்றுகிறது. பிடித்தால் அப்படியே விடலாம். நிறம் நிற்க வேண்டும் என்றால் நிறமி கலந்த எண்ணெய் போடுங்கள். நிறமில்லாத எண்ணெய் வெயிலைத் தடுக்காது, சில மாதத்தில் மங்கும். டெக் தரைக்கு வார்னிஷ் வேண்டவே வேண்டாம், உரிந்து செதில் செதிலாக நிற்கும்.

பாசி படிந்தால் வழுக்கும். வரி போட்ட பலகை வழுக்காது என்று விற்பார்கள், பாசி அந்த வரிக்குள்தான் முதலில் பிடிக்கிறது. ஆக்சிஜன் வகைச் சலவைத்தூள் கரைத்துப் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். குளோரின் மரத்தின் நாரைச் சிதைக்கும். அழுத்த நீர்த்துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்தால் மென்மையான நார் பெயர்ந்து பலகை பஞ்சுபோல் ஆகிவிடும். பூந்தொட்டிகளை நேரே வைக்காமல் கால் வைத்துத் தூக்குங்கள், சந்துகளில் சேரும் இலையைக் கீறி எடுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை ஒரு ஸ்க்ரூடிரைவரோடு டெக்கின் அடியில் குனிந்து பாருங்கள். சுவரோடு சேரும் சட்டம், தூணின் அடி, படியின் அடி, பலகை முனைகள் ஆகிய இடங்களில் குத்துங்கள். முனை சுலபமாக இறங்கினால் உள்ளே இற்றுவிட்டது, எண்ணெய் போட்டுச் சரியாகாது. மேல் பலகை என்றால் மாற்றிக்கொள்ளலாம், மிச்சமிருந்த பலகைகளை எடுத்து வைத்திருந்தால் அன்றே முடியும். சட்டமோ தூணோ என்றால், சரிசெய்யும்வரை யாரையும் மேலே ஏற விடாதீர்கள்.